பத்தில் ஒரு பங்கு

குளிர்பெட்டியில் கெம்போங் மீனுக்குப் பின்னால்
பெருங்காய டப்பாவில் இருக்கிறது.
பெருங்காயமும் இருக்கிறது, கொஞ்சம்,
யாராவது திறந்தால் வாசம் பேசிக்கொள்ளட்டும் என்று.

மூன்று நாளுக்கு ஒருமுறை
வெட்டிய நகத்தின் ஓரம்போல் ஒரு துண்டு.
ஜெஸிந்தா கொடுக்கும்போதே சொன்னாள்:
"ஒண்ணும் தெரியாது லா.
தெரிஞ்சா, கூடிப்போச்சுன்னு அர்த்தம்."
தெரியவே கூடாத ஒன்றுக்காக
தூக்குக்கயிறு உள்ள நாட்டில்
டப்பாவை இரண்டு முறை மூடுகிறேன்.

பாயான் லெப்பாஸ். இரவு ஷிப்ட். மூன்றாம் மாடி.
உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடுப்பு,
கண்கள் மட்டும் எங்களுடையவை.
நுண்ணோக்கியின் கீழே சில்லுகள் வரும்,
தட்டுக்கு நூற்றிருபது.
நல்லது. நல்லது. கீறல். நல்லது.
பதினோரு வருடமாக
நான் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரே வாக்கியம்.

ஏன் தொடங்கினாய் என்றால்
துக்கம் என்று சொல்ல முடியாது.
துக்கத்துக்கு ஒரு பெயர் வேண்டும், ஒரு தேதி வேண்டும்.
எனக்கு இருந்தது
பஸ் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்தபடி
சுங்கை நிபோங் வந்ததும் போனதும் தெரியாதது.
கிளினிக் மாத்திரை
அழுகையையும் சிரிப்பையும்
ஒரே உறையில் போட்டு ஒட்டிவிட்டது.

முதல் வாரம் எதுவுமில்லை.
இரண்டாம் வாரம், கேண்டீன் மீ கோரெங்கில்
எலுமிச்சை தனியாகக் கேட்டது.
ருசித்தது என்று எழுதப் போனேன்,
கேட்டது என்றுதான் கை எழுதியது.
ஜெஸிந்தாவுக்கு வயிற்றைப் புரட்டியது, விட்டுவிட்டாள்.
அவள் தம்பி, குளுகோரில் கணக்காளன்,
யாருடைய வருமான வரிப் படிவத்தையோ முடித்துக்
கண் கலங்கினானாம்;
மற்றபடி அதே முன்கோபி.
எனக்கு, பல் துலக்கும்போது
நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.
அவ்வளவுதான். சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை.
விடிகாலை மூன்று பத்து.
எழுபத்தோராவது சில்லில் ஒரு கீறல்.
விரல் பொத்தானுக்குப் போய்
அந்தரத்தில் நின்றது.
மூடா ஆறு கடலைச் சேரும் இடம்போல
இரண்டாகப் பிரிந்து
ஒரு கிளை தங்கக் கம்பி வரைக்கும் வந்து
தொடாமல் தயங்கியிருந்தது.
இத்தனை தயக்கத்தை
எந்த மனிதரிடமும் நான் கண்டதில்லை.
நல்லது என்று அழுத்தினேன்.

அப்போது அது இரக்கம் மாதிரிதான் இருந்தது.

பாலத்தருகே போலீஸ் தடுப்பு, பஸ் ஊர்ந்தது.
டார்ச் வெளிச்சம் முகம் முகமாக வந்து
என்னிடம் கொஞ்சம் கூட நின்றதாகத் தோன்றியது.
அப்போதுதான் உறைத்தது:
அந்த வரிசை
கார் பிரேக்குக்குப் போகிற வரிசை.

மறுநாள் தேடினேன்.
சுருள் சீல் வைக்கப்பட்டு, விமானம் ஏறி, நகோயா.
லைன் லீடர் லீலாமதியிடம் சொன்னேன்,
கீறலை மட்டும்.
அதாவது, நடந்ததில் பத்தில் ஒரு பங்கு.
"தூக்கமா?"
"ஆமா."
என் பெயருக்கு எதிரே மஞ்சள் புள்ளி வைத்தாள்.
மொத்தத் தொகுதியையும் நிறுத்தச் சொல்லி
மின்னஞ்சல் எழுதினாள்,
நான் பார்க்கப் பார்க்க, ஒவ்வோர் எழுத்தாக.
பதில் வந்ததா என்று கேட்க
மூன்று நாளாக வாய் வரவில்லை.

டப்பா இன்னும் மீனுக்குப் பின்னால்தான்.
தூக்கி எறியவில்லை, திறக்கவுமில்லை.

நேற்று ஜெலுத்தோங் சாலையைக் கடக்கையில்
நீல நிறக் கார் ஒன்று எனக்காக நின்றது.
போங்க என்று கைகாட்டினார் ஓட்டியவர்.
கடந்திருக்கலாம்.
அதன் முகப்புக்கு நேரே நின்று
நின்றுவிட்ட அந்தச் சக்கரங்களையே
பார்த்துக்கொண்டிருந்தேன்,
உள்ளே எங்கோ ஓர் ஆறு
இன்னும் கம்பியைத் தொடாமல் இருப்பதை,
பின்னால் மூன்று கார்கள்
ஹாரன் அடிக்கும்வரை.